மலைச்சாலையும் மிதிவண்டியும்

சென்னையினின்று திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலை திருத்தணி வழியாகச் செல்கின்றது. சுமையுந்துகளும் பேருந்துகளும் விரையும் அச்சாலை மிதிவண்டிக்கு ஏற்றதன்று. சோளிங்கர்ச் சாலையிலுள்ள கே.ஜி.கண்டிகையைச் சூழ்ந்த சிற்றூர்ப் பாதைகளோ அமைதியானவை. இருபுறமும் கரும்பும் நிலக்கடலையும் விளைந்திருக்க, தொலைவிலுள்ள குன்றுகள் உடன்வருவன போலத் தோன்றும்.

திருத்தணி மலைமேல் ஏற இருவழிகள் உண்டு. 365 படிகள் நேரே ஏறுகின்றன. ஊர்திச் சாலையோ வளைந்து வளைந்து செல்கின்றது. ஏறும் உயரம் ஒன்றே. வழி நீளுந்தோறும் சரிவு குறையும். சரிவு குறையக் கால்கள் தாங்கும் பளுவும் குறையும். ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவில் 1932-இல் அமைந்த சா கலோப்ராச் சாலை இதற்கு நல்ல சான்று. ஓரிடத்தில் அது கழுத்துப்பட்டையின் முடிச்சுப்போல வளைந்து, தன் அடியிலேயே புகுந்து செல்கின்றது! மிதிவண்டியர் பலர் அதனை நாடி வருகின்றனர். அவர்தம் வண்டிகளில் ஏற்றத்திற்கேற்ப மாற்றும் பற்சக்கரங்கள் உண்டு. நம் மாணவர்க்கு அரசு வழங்கும் வண்டிகளில் அவை இல்லை. ஆதலின் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிச் செல்லலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

ஏறுதல் களைப்பைத் தரும். இறங்குதலே இடரைத் தரும். வேகம் இருமடங்காயின், பிரேக் எனப்படும் தடையை அழுத்தியபின் வண்டி நிற்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகும். தடையை இடைவிடாது அழுத்தினால் உராய்வினால் சக்கர விளிம்பு சூடேறும். எனவே விட்டுவிட்டு அழுத்துதல் வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் திடீரெனத் தடுப்பவன் தலைகுப்புற வீழ்வான். வளைவை அடையுமுன்பே வேகத்தைக் குறைத்தல் நன்று. அறுவடைக் காலத்தில் சிற்றூர்ச் சாலைகளில் நெல் உலர்த்துவதும் உண்டு. அதன்மேற் செல்லும் சக்கரம் எளிதில் வழுக்கும்.