ஜிஜி, ஈஸி, அப்புறம் அந்த ஒரு சொல்

ஆட்டம் முடிந்ததும் திரையின் ஓரத்தில் 'ஜிஜி' என்று தட்டுவார்கள். 'குட் கேம்' என்பதன் சுருக்கம் அது. நல்ல ஆட்டம், கைகொடுங்கள் என்று பொருள். அதன் பின்னால் 'ஈஸி' என்று ஒட்டவைத்துவிட்டால் கதையே வேறு. 'உன்னைத் தோற்கடிக்க எனக்கு வியர்க்கக்கூட இல்லை' என்று தோற்றவரின் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் இரவு பதினொரு மணிக்கு மூடிய அறைக்குள்ளிருந்து திடீரென ஒரு கத்தல் கேட்கும். பாதி நாள் அதற்குக் காரணம் அந்த ஈஸிதான்.

ஜிஜி ஒரு மரியாதையாக வேரூன்றியதில் தென்கொரியாவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட், அங்கே தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டப்படும் அளவுக்கு வளர்ந்தது. இனி மீள முடியாது என்று தெரிந்ததும் தோற்பவர் தாமே ஜிஜி என்று எழுதிவிட்டு வெளியேறுவார். எழுதாமல் போனால் அது கோபம். வென்றவர் முந்திக்கொண்டு எழுதினால் அதைவிட மோசம். 'இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், எழுந்து போ' என்று விரட்டுவதுபோல ஆகிவிடும். கல்யாண வீட்டில் யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதற்கு நம் பெரியவர்கள் வைத்திருக்கும் கணக்கைவிட இது ஒன்றும் குறைந்ததில்லை.

2016இல் வந்த ஓவர்வாட்ச் ஆட்டத்தில் ப்ளிஸார்ட் நிறுவனம் ஒரு குறும்பு செய்தது. யாராவது 'ஜிஜி ஈஸி' என்று தட்டினால் அந்தச் சொற்கள் மறைந்து, அவருடைய பெயரிலேயே வேறொரு வரி வந்து நிற்கும். தூங்கும் நேரம் தாண்டிவிட்டது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிற தொனியில் இருக்கும் அந்த வரி. தடையும் இல்லை, தண்டனையும் இல்லை. கேலி செய்யப் போனவர் தாமே கேலிப்பொருளாகி நிற்பார். இதை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் வாய்ச்சவடாலுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். வாயால் பிழைக்கும் வானொலிக்காரி நான். சீண்டல் இல்லாத விளையாட்டு உப்பில்லாத ரசம். அப்பா காலத்தில் தோட்டத்துத் திடலில் கால்பந்து நடக்கும். ஒரு டிவிஷன்காரர்கள் இன்னொரு டிவிஷனின் கோல்காவலரைப் பார்த்து, 'வலையைக் கழற்றி மீன் பிடிக்கக் கொடுத்துவிடு, இங்கே அதற்கு வேலையில்லை' என்று கத்துவார்களாம். சொல்லும்போது அப்பா இன்றைக்கும் சிரிப்பார்.

எங்கள் தலைமுறைக்குத் திடல், சைபர் கஃபே. நாங்கள் சிசி என்போம். தடுப்புப் பலகைகளுக்கு நடுவே வரிசையாகக் கணினிகள், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், கவுண்டர் ஸ்டிரைக், டோட்டா. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பேன். அங்கே பேச்சுதான் பாதி ஆட்டம். 'உனக்கு மவுஸ் எதற்கு, பூனையை வைத்துக்கொள்' என்று ஒருவன் கத்துவான். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பவன் எழுந்து எட்டிப் பார்ப்பான். அந்த எட்டிப் பார்த்தல் இருந்ததே, அதுதான் எல்லோருக்கும் கடிவாளம். எதைச் சொன்னாலும் அதே முகத்தை ஐந்து நிமிடம் கழித்துக் கீழே மாமாக் கடையில் பார்த்தாக வேண்டும். தோற்ற அணி ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும் என்று வேறு பந்தயம்.

இப்போது ஐவர் அணியில் ஒருவன் கிள்ளானில் இருப்பான், ஒருவன் செபுவில், இன்னொருவன் சுராபாயாவில். எட்டிப் பார்க்க நாற்காலி இல்லை. பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு வாழ்நாளில் மறுபடி சந்திக்கப் போவதும் இல்லை. நாக்கு நீளுவதற்கு வேறென்ன வேண்டும்?

அப்படியிருந்தும் உச்சத்தில் ஆடுகிறவர்கள் சீண்டலை அழகாகச் செய்திருக்கிறார்கள். டோட்டா 2 ஆட்டத்தில் சாட் வீல் என்று ஒன்று உண்டு. முன்பே பதிவான ஒலிகளையும் வசனங்களையும் ஒரு பொத்தானில் எதிரணி காதுக்கும் அனுப்பலாம். 2019இல் ஷாங்ஹாயில் நடந்த தி இன்டர்நேஷனல் போட்டியில் ஓஜி அணி இதைக் கிட்டத்தட்ட ஓர் ஆயுதமாகவே பயன்படுத்தியது. எதிராளி ஒரு தவறு செய்தால் போதும், உடனே ஒரு சிரிப்பொலி வந்து விழும். இறுதியாட்டத்தில் டீம் லிக்விட் அணியை 3-1 என்று வென்று, அந்தக் கோப்பையை இரண்டு முறை தூக்கிய முதல் அணியானது ஓஜி. எரிச்சலூட்டும் வேலைதான். எதிரணி ரசிகர்கள் பல்லைக் கடித்தார்கள். ஆனால் அத்தனை சீண்டலும் ஆட்டத்தைப் பற்றியது. யாருடைய தாயும் தோலும் அதற்குள் வரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது வேறு. 2018 நவம்பரில் ஒரு தொழில்முறைப் போட்டியில் கம்ப்ளெக்சிட்டி அணிக்கு ஆடிய பிலிப்பைன்ஸ் வீரர் ஸ்கெம், சீனர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை அரட்டையில் தட்டினார். சில நாளிலேயே டிஎன்சி அணியின் குக்கு ஒரு பொது ஆட்டத்தில் அதையே செய்தார். சீன ரசிகர்கள் கொதித்தார்கள். 2019 ஜனவரியில் சோங்சிங் நகரில் பெரிய போட்டி காத்திருந்தது. குக்கு அங்கே வரக்கூடாது என்று ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் அறிவித்தது. விவகாரத்தை அணி நிர்வாகம் கையாண்ட விதத்தையும் கண்டித்தது. விசைப்பலகையில் இரண்டு நொடி வேலை. அதற்கு விலை, அந்தப் பெரிய மேடை.

இங்கே நம் பிள்ளைகள் காதில் விழும் சொல் வேறு. அதை நான் எழுதப் போவதில்லை. மலேசியாவில் வளர்ந்த இந்தியர் எவருக்கும் எந்தச் சொல் என்று தெரியும். பள்ளித் திடலில் ஒரு முறையாவது கேட்டிருப்போம்.

என் அக்காள் மகன் படிவம் 4 படிக்கிறான். விளையாட்டில் அவன் பெயர் முன்பு அவன் சொந்தப் பெயர்தான், பின்னால் இரண்டு எண்களோடு. சென்ற ஆண்டு பார்த்தால் ஏதோ ஜப்பானியக் கார்ட்டூன் பெயர். 'ஏன்டா மாற்றினாய், பெயர் மாற்ற காசு கேட்பார்களே?' என்றேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: 'அந்தப் பேரைப் பார்த்தாலே ஆரம்பிச்சிடுறாங்க சித்தி. இப்ப யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.' அழவில்லை, புகார் சொல்லவில்லை. மழை வருகிறது, குடை எடுத்தேன் என்பதுபோல் சொன்னான். தாத்தா பார்த்து வைத்த பெயர் அது. மைக்கையும் அணைத்துத்தான் வைத்திருக்கிறான். குரலில் நம் சாயல் தெரிந்துவிடுமாம்.

உடனே நம் பிள்ளைகள் எல்லாம் பாவம் என்று முடித்துவிட மாட்டேன். ஐந்து தமிழ்ப் பையன்கள் ஒரே அணியில் சேர்ந்து ஆடும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சாலை ஓரத்தில் இரண்டு லாரிக்காரர்கள் சண்டை போட்டால்கூட அவ்வளவு வராது. ஒருவன் குறி தவறினால் அவன் அம்மா வருகிறாள், அக்கா வருகிறாள். எதிரணிக்காரன் மலாய்க்காரனோ சீனனோ என்றால் அவன் இனத்துக்கென்று நம்மிடமும் சொற்கள் இருக்கின்றன. அதையும் எழுத மாட்டேன். கெட்ட சொற்களை நட்சத்திரக் குறியாக்கும் வடிகட்டி, ரோமன் எழுத்தில் தட்டிய தமிழுக்கு அவ்வளவாக உதவுவதில்லை என்பதைப் பையன்கள் நன்றாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் கதை தனி. குரல்தான் என் தொழில். தினமும் காலையில் முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் பேசுகிறேன். ஆனால் இரவில் ஓர் ஆட்டத்தில் மைக்கைத் திறந்து 'இடது பக்கம் வாங்க' என்று சொன்ன மறுகணம், ஒருவர் மலாயில் 'பெர்கி மாசாக்' என்றார். போய்ச் சமை. அடுத்தவர் என் வயதைக் கேட்டார். இடது பக்கம் யாரும் வரவில்லை, தோற்றோம். என்னோடு ஆடும் தோழிகள் பலர் மைக்கைத் திறப்பதே இல்லை. எங்கள் நிலையத்தில் நேயர் அழைப்புகளைச் சில விநாடி தாமதித்துத்தான் காற்றில் விடுவோம். எல்லை மீறினால் வெட்டிவிட ஒரு பொத்தான் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஹெட்போனில் அந்தச் சில விநாடி கிடையாது. எல்லாம் நேரே உள்ளே போகிறது.

ஒன்றும் செய்ய முடியாதா என்றால், செய்து பார்த்திருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப்ரி லின் என்ற ஆய்வாளரின் குழு ஒரு சின்ன மாற்றம் செய்தது. எதிரணியோடு பேசும் அரட்டை எப்போதும் திறந்தே இருக்கும் அல்லவா, அதை மூடியே வைத்தார்கள். வேண்டுமென்றால் அமைப்புக்குள் போய்த் திறந்துகொள்ளலாம், தடையில்லை. மாற்றத்துக்கு முந்திய வாரத்தையும் பிந்திய வாரத்தையும் ஒப்பிட்டார்கள். மோசமான பேச்சு 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. நல்ல பேச்சு ஏறக்குறைய 35 விழுக்காடு கூடியிருந்தது. அரட்டையின் அளவு என்னவோ பெரிதாக மாறவில்லை. திறப்பதற்கு இரண்டு விநாடி செலவழிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குழு சொன்ன இன்னொரு கணக்குதான் என்னை யோசிக்க வைத்தது. எப்போதும் நஞ்சு கக்கிக்கொண்டே இருப்பவர்கள் 1 விழுக்காட்டினர்தான். மொத்த வசவில் அவர்கள் பங்கு 5 விழுக்காடு மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி சாதாரண ஆட்டக்காரர்களிடமிருந்து வந்தது. தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்று, அப்பாவிடம் திட்டு வாங்கிய அன்று, முதலாளி முறைத்த அன்று ஆட உட்கார்ந்தவர்கள். அதாவது உங்கள் பிள்ளையும் என் அக்காள் மகனும். ஒரு சில ரவுடிகளைப் பிடித்து வெளியே தள்ளினால் தீரும் சங்கதி இல்லை இது.

பெற்றோரிடம் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது 'சாப்பிட வா' என்று மூன்றாம் முறை கூப்பிட்டும் வராவிட்டால் வைஃபையைப் பிடுங்கும் அப்பாக்கள் நிறைய இருக்கிறார்கள். பசியும் கோபமும் நியாயம்தான். ஆனால் அந்த நொடியில் அங்கே என்ன நடக்கிறது தெரியுமா? மொபைல் லெஜெண்ட்ஸ் போன்ற ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். ஒருவன் மறைந்தால் மிச்ச நால்வரும் ஐவரை எதிர்த்து ஆட வேண்டும். அந்த உலகத்தில் 'ஈஸி' என்று தட்டுவதைவிடப் பெரிய மரியாதைக்கேடு இது. நாலு பேரும் அவனைப் புகார் செய்வார்கள். நன்மதிப்புப் புள்ளி இறங்கும். ரொம்ப இறங்கினால் தரவரிசை ஆட்டத்துக்கே அனுமதி கிடைக்காது. திட்டும் வாங்குவான், அந்தத் திட்டை அடுத்த ஆட்டத்தில் வேறொருவன் தலையில் இறக்குவான். 'இந்த ஆட்டம் முடிய எத்தனை நிமிடம்?' என்று கேட்டுவிட்டுச் சோற்றை மூடி வையுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் அப்புறம் பிடுங்குங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

'என்ன இருந்தாலும் வெறும் விளையாட்டுதானே' என்று தள்ளிவிடும் காலமும் போய்விட்டது. 2019 நவம்பரில் புக்கிட் ஜாலில் அக்சியாட்டா அரங்கில் மொபைல் லெஜெண்ட்ஸின் முதல் உலகப் போட்டி நடந்தது. இறுதியில் இரண்டு இந்தோனேசிய அணிகள். எவோஸ் லெஜெண்ட்ஸ் 4-3 என்று ஆர்ஆர்கியூ ஹோஷியை வென்றது. 2024இல் ரியாத்தில் நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் கோப்பை தூக்கியபோது இந்த ஆட்டம் என்னவென்றே தெரியாத மாமாக்கள்கூட வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பினார்கள். இப்படிப்பட்ட மேடைகளில் ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எதிரணி மேசைக்கு நடந்து போவார்கள். ஒவ்வொருவரோடும் முட்டி இடித்துக்கொள்வார்கள். போட்டிக்கு முன் பேட்டியில் எவ்வளவு சவடால் விட்டிருந்தாலும் அந்த நடை தவறாது. வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து நேரலை பார்ப்பவர்கள் கோப்பை வாங்கும் காட்சியோடு அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அக்காள் மகனும் நண்பர்கள் நால்வரும் சென்ற தீபாவளிக்குப் பிறகு தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவனுடைய பாட்டி, பேரனின் கைப்பேசியிலிருந்து வந்த வசவுகளைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். அதிலிருந்து ஆரம்பித்ததாம் இது. அம்மாக்களை இழுக்கக்கூடாது. ஆட்டத்தை என்ன வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், ஆளை அல்ல. எதிரணியில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் பதில் கிடையாது. திரையைப் படமெடுத்து ஐந்து பேரும் ஒரே நேரத்தில் புகார் செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். மீறுகிறவன் அடுத்த சந்திப்பில் எல்லோருக்கும் நாசி லெமாக் வாங்க வேண்டும். இதுவரை அதிகம் வாங்கியவன் நம்மவன்தான் என்று அக்கா சொன்னாள்.

மைக்கை இப்போது திறந்து வைக்கிறான். பழைய பெயரையும் திரும்ப வைத்துக்கொள்ளலாமே என்று போன ஞாயிறு கேட்டேன். 'பார்ப்போம் சித்தி,' என்றான். அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.