இரண்டு ஸ்பூன் வீட் ஜெர்ம் தொப்பையைக் குறைக்குமா?

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் உட்கார இடம் கிடைப்பது கோலார் தங்கவயல்காரர்களுக்குப் பெரிய விஷயம். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில்தான். போகவும் வரவும் சில மணி நேரம் ரயிலில். பலருக்கு வேலையும் நாற்காலியில்.

வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய அவர்களின் முன்னோர் பார்த்த வேலையே வேறு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறைச் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அங்கே ஒரு ஷிப்ட் முடித்து மேலே வருகிறவருக்கு இரண்டு களி உருண்டை போதாது. அதே தட்டு இன்று நாற்காலி வேலைக்காரர் முன்னால் வைக்கப்படும்போதுதான் இடுப்பில் பெல்ட் துளை தள்ளிப் போகிறது. நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவைத் தாண்டினாலே எச்சரிக்கை மணி என்கிறார்கள் மருத்துவர்கள்.

எடை குறைக்க நினைப்பவர்களின் காதுக்கு இப்போது வந்து சேரும் பெயர்களில் ஒன்று ‘வீட் ஜெர்ம்’. கோதுமை மணியின் ஒரு முனையில் ஒட்டியிருக்கும் கரு அது. விதைத்தால் முளையாக எழும்புவது அந்தப் பகுதிதான். முளைகட்டிய கோதுமையோ கோதுமைப் புல் சாறோ அல்ல. மணியின் எடையில் சுமார் மூன்று சதவீதம்தான் இருக்கும். ஆனால் சத்து அங்கேதான் குவிந்திருக்கிறது: 100 கிராமில் 23 கிராம் புரதம், 13 கிராம் நார்ச்சத்து, கூடவே துத்தநாகம், ஃபோலேட், வைட்டமின் ஈ.

இவ்வளவு நல்ல பொருளை ஆலைக்காரர்கள் ஏன் பிரித்து எடுக்கிறார்கள்? அதில் சுமார் 10 சதவீதம் எண்ணெய். மாவோடு கலந்திருந்தால் நாளாக ஆகச் சிக்குவாடை அடித்து மாவே கெட்டுவிடும். மைதாவும் ரவையும் மாதக்கணக்கில் கடையில் இருப்பது கருவும் தவிடும் நீங்கியதால்தான். தனியே வாங்கும் வீட் ஜெர்ம் பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதும் அதனால்தான். கசந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

சரி, கொழுப்பு கரையுமா? கரையாது. உடலில் சேர்ந்த கொழுப்பை உருக்கும் எந்தச் சக்தியும் அதற்கு இல்லை. 100 கிராமில் 360 கலோரி. ஏறக்குறைய அரிசிக்குச் சமம். இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 15 கிராம் எடுத்தால் 54 கலோரி, மூன்றரை கிராம் புரதம், இரண்டு கிராம் நார்ச்சத்து. புரதமும் நாரும் வயிற்றைக் கொஞ்ச நேரம் தாங்கவைக்கும். மாலை டீயோடு தின்னும் மைதா பன்னை விட்டுவிட்டு, தயிரில் இதைக் கலந்து சாப்பிட்டால் லாபம். பன்னையும் தின்று இதையும் சேர்த்தால் எடை ஏறத்தான் செய்யும். வீட் ஜெர்ம் எண்ணெய் இன்னும் மோசம்; அது முழுக்கக் கொழுப்பு, ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி.

தங்கவயல்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. சுற்றுவட்டாரமே கேழ்வரகு பூமி. கேழ்வரகு மணி கடுகளவுதான். உமி நீக்கியதும் தோலோடும் கருவோடும் அப்படியே அரைபடுகிறது. அதனால் மாவு மில்லில் அரைத்து வரும் ராகி மாவில் கரு தப்பாமல் இருக்கும். 100 கிராமில் 320 கலோரி, 11 கிராம் நார்ச்சத்து. புரதம் 7 கிராம்தான், அதில் வீட் ஜெர்முக்கு ஈடாகாது. ஆனால் கால்சியம் 360 மில்லிகிராமுக்கு மேல். வீட் ஜெர்மில் 40 கூட இல்லை. விலையிலும் கேழ்வரகுதான் மலிவு.

கொதிக்கும் தண்ணீரில் மாவைக் குவித்து, வெந்ததும் கட்டையால் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டி வைத்தால் களி. பிட்டு, கீரைச் சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது இந்த வட்டார வழக்கம். பிரச்சினை உருண்டையின் அளவில்தான். 100 கிராம் மாவில் உருட்டிய ஒன்றே 320 கலோரி. நைசாக அரைத்த மாவு சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையையும் ஏற்றும். ஆகவே சர்க்கரை நோயாளிகள் ‘ராகிதானே’ என்று இரண்டாவது உருண்டைக்குக் கை நீட்டக் கூடாது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியும், மொத்தக் கலோரியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அப்படியென்றால் ஒரு சின்ன உருண்டை, தட்டில் பாதிக்குக் கீரையும் காய்கறியும், கூடவே பருப்போ முட்டையோ மீனோ. வீட் ஜெர்ம் வாங்கும் வசதி இருந்தால் ஒரு ஸ்பூனைக் கூழிலோ சப்பாத்தி மாவிலோ சேர்க்கலாம். அதற்கு ஈடாக வேறொன்றைக் குறைக்க வேண்டும். கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் நோயோ உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கும் முன் தங்கள் களி உருண்டையை ஒரு முறை தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.