கிரேக்கக் கடலில் மூன்று வாரம்: முதலில் காற்றைக் கேளுங்கள்!



பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு இப்போதெல்லாம் இப்படியும் ஓர் அழைப்பு வருகிறது. "அம்மா, கிரீஸில் மூணு வாரத்துக்குப் பாய்மரப் படகு வாடகைக்கு எடுக்கிறோம். நீயும் அப்பாவும் வாங்க!" லண்டனில் இருக்கும் எங்கள் மகளும் மாப்பிள்ளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர், அவர்கள் இரண்டு பேர், மூன்றரை வயதுப் பேத்தி. போய் வந்ததைவிட, போகுமுன் உட்கார்ந்து திட்டம் போட்டதுதான் பெரிய வேலை. அதைத்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு ஆசை ஆகஸ்டில் போய் சாந்தோரினி வரை ஓட்ட வேண்டும் என்று. படத்தில் பார்க்கும் வெள்ளை வீடுகள் உள்ள தீவு. நான் வரைபடத்தை விரிக்கச் சொன்னேன். ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி' என்று ஒரு வடகாற்று அடிக்கும். வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருக்கும், மேகமே இருக்காது. ஆனால் காற்று நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் விடாமல் அடிக்கும். துருக்கிப் பக்கம் கோடையில் உண்டாகும் காற்றழுத்தத் தாழ்வு, நம் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவரும் தாழ்வின் நீட்சிதானாம். நமக்கு மழை, அவர்களுக்குக் காற்று!

ஏதென்ஸிலிருந்து சாந்தோரினிக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், சுகமாக இருக்கும். திரும்புவதுதான் வம்பு. சுமார் 120 கடல் மைல், அதாவது 220 கிலோமீட்டர், எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து வர வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு இது தேவையா? படகை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து சனிக்கிழமை காலை ஒப்படைப்பதுதான் அங்கே வழக்கம். தேதி நெருங்குகிறதே என்று ஆகாத காற்றில் கிளம்புவதுதான் ஆபத்து. "அத்தை சொல்றது சரிதான்" என்று மாப்பிள்ளையே ஒத்துக்கொண்டார். மாதம் ஜூன், இடம் சரோனிக் வளைகுடா என்று முடிவாயிற்று.

இந்தப் பக்கம் தீவுகள் கிட்டக் கிட்ட இருக்கின்றன. ஏதென்ஸ் பக்கத்து அலிமோஸ் படகுத்துறையில் ஏறினால் மூன்று, நாலு மணி நேரத்தில் ஏஜினா. பிஸ்தா விளைகிற தீவு. பிறகு பழைய எபிடாவ்ரோஸ். அங்கிருந்து டாக்ஸியில் போய் பழங்காலத்துப் பெரிய கல் அரங்கைப் பார்க்கலாம். அப்புறம் போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்சஸ், நாஃப்ப்லியோ. ஹைட்ராவில் கார், ஸ்கூட்டர் ஓடக்கூடாது. மூட்டை முடிச்செல்லாம் கழுதை மேல்தான். 21 நாளில் கடலில் ஓடியது 11 நாள்தான். மற்றதெல்லாம் ஓய்வுக்கும் காற்றுக்கும் ஒதுக்கிய நாட்கள். காலையில் கிளம்பி மதியம் இரண்டுக்குள் துறையைப் பிடித்துவிட வேண்டும். பொழுது சாய்ந்து போனால் படகு கட்ட இடம் கிடைக்காது.

இனி முக்கியமான விஷயம். மாப்பிள்ளையிடம் படகோட்டும் சான்றிதழ் இருக்கிறது. கிரீஸில் அது மட்டும் போதாது. படகு ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரும் இருக்க வேண்டும், அவர் பெயரையும் காட்ட வேண்டும். பல குடும்பங்களில் மனைவி பெயரைச் சும்மா எழுதிவிடுகிறார்களாம். நான் ஒரே கேள்விதான் கேட்டேன்: "ஓட்டுகிறவரே தண்ணீரில் விழுந்துட்டா, யார் அவரைத் தூக்குவது?" மகள் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் சேர்ந்து, நிஜமாகவே கற்றுக்கொண்டாள்.

நானும் என்னவரும்கூட முதல் நாளே சிலதைப் பழகினோம். யாராவது விழுந்தால் ஒருவர் கையை நீட்டி அவரையே காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. அலையில் ஒரு தலை நிமிஷத்தில் மறைந்துவிடும். உடனே மிதவை வளையத்தை எறிய வேண்டும். தண்ணீரில் கயிறு தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என்ஜினைப் போட வேண்டும். இல்லாவிட்டால் விசிறியில் சுற்றிக்கொள்ளும். ரேடியோவில் 16-ஆம் எண் அலைவரிசை, போனில் 112. ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கடலில் போட்டு, மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, மகள் மூன்று தடவை திரும்பிப் போய் எடுத்தாள். மூன்றாம் தடவைதான் எனக்கு மூச்சு வந்தது.

பேத்திக்கு எடைக்கேற்ற லைஃப் ஜாக்கெட், படகின் ஓரம் முழுக்க வலை. இரண்டையும் முன்பதிவிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, வாடகை என்பது படகுக்கு மட்டும். டீசல், துப்புரவுக் கூலி, துறைமுகக் கட்டணம், வரி, முன்பணம் எல்லாம் தனி. நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அந்தக் காப்பீடு பாய்மரப் படகுப் பயணத்துக்கும் செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்த் தொட்டி 300, 400 லிட்டர்தான். நடுக்கடலில் பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் ஒரே ஒரு அலசு. கழிவறையில் காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும், கண்டிப்பாகக் கூடாது.

சமையல்? படகு சாயும்போது தானும் ஆடி நேராக நிற்கிற அடுப்பு அது. நான் எடுத்துப்போன மூன்று லிட்டர் குக்கரைப் பார்த்து மகள் சிரித்தாள். பிறகு அதுதான் கைகொடுத்தது. மூடி பூட்டிக்கொள்வதால் ஆட்டத்தில் கொட்டாது. ஆனாலும் ஓடுகிற படகில் கீழே இறங்கிச் சமைக்காதீர்கள், குமட்டும். துறையில் கட்டியபின் போதும். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி கொண்டு போகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், ஐரோப்பிய சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். வெண்டைக்காயை 'பாமியெஸ்' என்று தக்காளி போட்டுச் சமைக்கிறார்கள். நம் பருப்புக்கீரை அங்கே 'கிளிஸ்ட்ரீதா', பச்சையாகவே தயிரில் போடுகிறார்கள். 'ஃபாவா' என்று கேட்டால் மசித்த மஞ்சள் பருப்பு வரும். கறி, மீன், முட்டை, பால் இல்லாத விரதச் சாப்பாட்டுக்கு 'நிஸ்தீசிமோ' என்று பெயர். ஆனால் கணவாய், இறால் அவர்களுக்கு விரதத்தில் சேர்த்தியாம். அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தட்டில் கை வையுங்கள்.