சுப்பர் லீக்கின் முதற் பருவம்

கிழக்குக் கரையோரத்தின் சாகாமம் முதல் கல்முனை வரை, அஸர் தொழுகை முடிந்ததும் மைதானத்தை நாடும் நம் இளைஞர்களுக்குப் பரிச்சயமான உதைபந்தாட்டத்தை, தொழில்முறை அந்தஸ்துக்கு உயர்த்தும் சங்கல்பத்தோடு 2021 ஏப்ரலில் ஆரம்பிக்கப்பட்டதே இலங்கையின் சுப்பர் லீக் ஆகும்.

கொழும்பின் றினௌன், இரத்தினம் முதலிய புராதனக் கழகங்களும், முப்படைகளின் அணிகளும், களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, நாவலப்பிட்டிக் கழகங்களுமாகப் பத்து அணிகள் அதிற் பிரவேசித்தன. கிழக்கிலிருந்து ஒன்றேனும் இடம்பெறாதது, இக்கரையோரத்தின் ஆட்ட உற்சாகத்தை அறிந்தோர்க்கு விசனமே.

கொரோனாப் பெருந்தொற்றால் இடையிலே தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்த அப்பருவத்தில், களுத்துறையின் புளூ ஸ்டார் கழகமே சம்பியன் பட்டத்தைச் சுவீகரித்தது. அவ்வெற்றியின் பலனாக, 2022 ஏப்ரலில் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத் தகுதிச்சுற்றிற் கலந்துகொண்டு, நேபாளத்தின் மச்சிந்திராக் கழகத்தை 2–1 என ஜயித்த அவ்வணி, கொல்கத்தாவிலே பிரசித்திபெற்ற மோகன் பகானிடம் 5–0 என்று பராஜயமடைந்தது. மறு ஆண்டு ஜனவரியிலோ, நிர்வாகத்தில் வெளியார் தலையீட்டைக் காரணங்காட்டி, சர்வதேசச் சம்மேளனமான பீபா இலங்கையையே தடைசெய்தது. அத்தடை நீங்க ஆகஸ்ட் மாதமாயிற்று.