கட்டியைக் காட்டும் ஒளி

நுரையீரலில் தோன்றிய புற்றுக் கட்டியை அறுத்தெடுக்கும் மருத்துவருக்கு இரண்டு கவலைகள் உண்டு. கட்டியின் எச்சம் சிறிதேனும் தங்கிவிட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும். அதற்கு அஞ்சி மிகுதியாக அறுத்துவிட்டாலோ, நோயாளி எஞ்சிய நாளெல்லாம் மூச்சுக்குத் திண்டாட நேரும். எல்லை வகுப்பது எங்ஙனம்?

நெடுங்காலமாக இதற்குத் துணை நின்றவை கண்ணும் விரலுமே. மார்பைத் திறந்து, பஞ்சு போன்ற நுரையீரலைத் தடவிப் பார்ப்பார் மருத்துவர். கடினமாகத் தட்டுப்படும் இடமே கட்டி. இன்றோ விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகள் இட்டு, அவற்றின் வழியே காமிராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்திச் சிகிச்சை செய்வது பெருகியுள்ளது. நோயாளி விரைவில் தேறுகிறார். ஆயினும் விரலின் துணை குறைந்துவிட்டது. ஸ்கான் படத்தில் தெளிவாகத் தெரிந்த சிறு கட்டியை, காற்று நீங்கிச் சுருங்கிய நுரையீரலில் தேட வேண்டியதாகிறது.

இங்கேதான் ஒளிரும் சாயம் உதவிக்கு வருகிறது. உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமின் தேவை. கீரைகளில் காணப்படும் இதற்கு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. நுரையீரல் புற்றணுக்களில் பல, இந்த வைட்டமினைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகளை மிகுதியாகக் கொண்டுள்ளன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக் கழக ரசாயன அறிஞர் பிலிப் லோ இந்தப் பசியையே தூண்டிலாக்கினார். வைட்டமினை ஒத்த பொருளுடன் சாயத்தைப் பிணைத்து அமைத்ததே பாஃபோலாசியனைன் என்னும் மருந்து. இரையை நாடும் புற்றணு, சாயத்தையும் சேர்த்தே விழுங்குகிறது.

அறுவைக்கு முந்திய 24 மணி நேரத்துக்குள் இதனை இரத்தக் குழாய் வழியே ஏற்றுவர். பின்னர் நுரையீரலின்மீது அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைப் பாய்ச்சினால், சாயம் அதனை ஏற்று, ஏறத்தாழ 795 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உமிழும். நம் கண்ணுக்கு அது புலப்படாது. அதற்கென அமைந்த காமிரா அதனைக் கண்டு திரையில் நிறமிட்டுக் காட்டும்.

பென்சில்வேனியா பல்கலைக் கழக அறுவை மருத்துவர் சுனில் சிங்கால் முன்னின்று, பல மருத்துவமனைகளில் நடத்திய சோதனையில், நூற்றுக்கு 53 நோயாளிகளுக்கு இவ்வொளி பயன்பட்டது. சிலரிடம் தேடிக் கிடைக்காத கட்டி அகப்பட்டது. சிலரிடம் எவரும் எதிர்பாராத வேறொரு கட்டி வெளிப்பட்டது. இன்னும் சிலரிடம், அறுத்த விளிம்பு கட்டியை மிக நெருங்கியிருந்தமை தெரிந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நுரையீரல் சிகிச்சையில் இதனைப் பயன்படுத்த அனுமதி வழங்கியது.

எனினும், நேயர்களே, இதற்கும் எல்லை உண்டு. ஆழத்தில் புதைந்த கட்டியின் ஒளி மேலே வந்து எட்டாது. அழற்சியுற்ற திசு புற்றின்றியே ஒளிர்வதும் உண்டு. ஆகவே, ஒளிர்ந்ததெல்லாம் நோயன்று, ஒளிராததெல்லாம் நலமுமன்று. அறுத்தெடுத்ததை நுண்ணோக்காடியின் கீழ் ஆராய்ந்தே முடிவு கூற வேண்டும். விளக்கு இடத்தைக் காட்டும். எவ்வளவு அறுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை மருத்துவரின் அறிவே தீர்மானிக்க வேண்டும்.