சுவருக்குள் ஓடும் படிப்பு

திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910-இல் தொடங்கப்பட்டது. செப்புத் திருமேனிகள், பழைய ஓவியங்கள், பாடம் செய்த விலங்குகள் எல்லாம் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இவற்றில் ஒன்றுக்குப் பிடிப்பது இன்னொன்றுக்குப் பிடிக்காது. ஈரக்காற்று பட்டால் செம்பும் வெண்கலமும் பச்சை பூத்து மாவாக உதிரத் தொடங்கும். காற்று மிகவும் வறண்டால் பாடம் செய்த தோல் வெடிக்கும். ஓவியத்தைக் கெடுக்க வெயில் வெளிச்சமே போதும். எந்தக் கூடத்துக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு ஈரம், எவ்வளவு ஒளி என்று கணக்குப் போட்டுச் சொல்வது ஒரு தனிப் பொறியியல். அருங்காட்சியகங்களைத் தாண்டி, மருத்துவமனை, பள்ளி, கல்யாண மண்டபம், அடுக்குமாடி என்று மனிதர் கூடும் எல்லா இடத்துக்கும் அது தேவை.

கட்டடச் சேவைப் பொறியியல் என்று அதைச் சொல்கிறோம். கட்டுமானத் தளத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. அங்கே அது ‘எம்.இ.பி.’ தூணும் உத்தரமும் சிவில்காரர் பொறுப்பு. தண்ணீர் மாடிக்கு ஏறுவது, கழிவு கீழே இறங்குவது, மின்சாரம், ஏசி, லிஃப்ட், தீயணைப்புக் குழாய், புகை வெளியேறும் வழி ஆகியவை எம்.இ.பி.காரர் பொறுப்பு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கென்றே எட்டாம், ஒன்பதாம் பகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. தீயிலிருந்து உயிர் காப்பதற்கு நான்காம் பகுதி.

விதி புத்தகத்தில் இருக்கிறது. சுவருக்குள் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பது புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குத் தெரியும். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் குழந்தைகள் 94 பேர். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேர் இறந்தார்கள். அவர்கள் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் மீட்கப்பட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. தீப்பிடித்தால் லிஃப்ட் எங்கே போய் நிற்க வேண்டும், படிக்கட்டுக்குள் புகை நுழையாமல் எப்படித் தடுப்பது என்பவை இந்தப் படிப்பின் அடிப்படைப் பாடங்கள். ஆகவே இதைக் கற்க விரும்பும் பிள்ளையை வீடு தயங்காமல் ஆதரிக்கலாம். தயக்கம் வேண்டியது பணம் கட்டும் இடத்தில்தான்.

முதல் சிக்கல் பெயர். பி.இ. மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ முடித்துவிட்டு ‘பில்டிங் சர்வீசஸ்’ என்ற பெயரிலேயே ஒரு எம்.இ. படிப்பைத் தேடினால் குழப்பமே மிஞ்சும். நம் நாட்டில் இந்தத் துறை பல பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. பக்கத்துத் துவாக்குடியில், திருச்சி என்.ஐ.டி.யில் தொழிலகப் பாதுகாப்புப் பொறியியலில் எம்.டெக். இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் குளிர்பதனம், ஏர்கண்டிஷனிங் படிப்பும் ஆற்றல் பொறியியலும் எம்.இ.யாக உண்டு. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் கட்டடங்களின் ஆற்றல் திறனை முதுநிலையில் கற்பிக்கிறது. டெல்லி திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் கட்டடப் பொறியியலும் மேலாண்மையும் சேர்ந்த முதுநிலைப் பட்டம் உண்டு. கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒரே வீட்டின் அறைகள். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, காற்றோட்டம், தீப்பாதுகாப்பு, நீர், மின்சாரம் ஆகியவற்றில் எது எத்தனை தாள் என்று எண்ணிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தக் குழப்பம்தான் சிலருக்கு வியாபாரம். ‘எம்.இ.பி.யில் பி.ஜி. டிப்ளமோ’ என்று சில மாதப் பயிற்சிகள் நகரங்களில் விற்பனையாகின்றன. வரைபடம் போடவும், குழாய் அளவு கணக்கிடவும் அவை கற்றுத்தந்தால் நல்லதே. வேலை தேடுபவருக்கு உதவும். ஆனால் ‘பி.ஜி.’ என்ற அந்த 2 எழுத்தை நம்பி அதை முதுநிலைப் பட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னாளில் பிஎச்.டி.க்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது அது செல்லாது.

அடுத்தது அஞ்சல்வழி. இதில் நாட்டுக்கே ஒரு பெரிய பாடம் கிடைத்திருக்கிறது. ஒடிசா நீரேற்றுப் பாசனக் கழக வழக்கில் 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உரிய அனுமதி இல்லாமல் பொறியியலைத் தொலைதூரக் கல்வியில் நடத்திய 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பற்றிய வழக்கு அது. அவற்றுள் ஒன்று சேலத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் வென்றால்தான் அவை மீண்டும் உயிர்பெறும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் அடியோடு ரத்து. அவர்கள் கட்டிய பணத்தைப் பல்கலைக்கழகங்கள் திருப்பித் தர வேண்டும் என்றும் உத்தரவு வந்தது.

சற்று நினைத்துப் பாருங்கள். பட்டம் வாங்கி, அதைக் காட்டி வேலையும் பதவி உயர்வும் பெற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் 2018 கோடையில் மறுபடி தேர்வுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொய்ச் சான்றிதழ் வாங்கியவர்கள் அல்லர். பாடம் படித்து, தேர்வெழுதித் தேறியவர்கள். அனுமதி வாங்காதது நிறுவனத்தின் தவறு; விலை கொடுத்தது மாணவர். பணம் திரும்பினாலும் போன ஆண்டுகள் திரும்பாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020 விதிகளும் பொறியியலைத் தொலைதூர முறையில் நடத்தக் கூடாது என்றே சொல்கின்றன. வேலையை விட முடியாதவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதிநேர எம்.இ. போன்ற நேர்வழிகள் இருக்கின்றன.

எனவே தனியார் கல்லூரியில் சேருமுன் பார்க்க வேண்டியது ஒன்று: அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு, ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா? அனுமதி காலவரம்போடு நீட்டிக்கப்படுவது. மூன்று ஆண்டுக்கு முந்தைய கடிதத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தால் அது இந்த ஆண்டுக்குச் சாட்சி ஆகாது. ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், இடங்களின் எண்ணிக்கை மூன்றையும் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி.யும் வெளியிடுகிறது.

வெளிநாட்டுக் கதை வேறு. கட்டடச் சேவைப் பொறியியல் என்ற பெயரிலேயே முதுநிலைப் பட்டம் தரும் நாடுகளில் பிரிட்டன் முக்கியமானது. லண்டன் புரூனல், எடின்பரோ ஹெரியட்-வாட் போன்ற பல்கலைக்கழகங்கள் பேர்பெற்றவை. ஹெரியட்-வாட்டுக்குத் துபாயிலும் வளாகம் உண்டு. பிரிட்டனில் இத்துறையினருக்கென ‘சிப்சி’ என்ற அரச சாசன நிறுவனம் இருக்கிறது. ஒரு படிப்புக்கு அதன் அங்கீகாரம் இருக்கிறதா என்பதே அங்கே முதல் கேள்வி.

இங்கே பலர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்க ஒப்பந்தம் போட்டன. அங்கே ஓராண்டில் முடியும் முதுநிலைப் பட்டம் இனி இங்கே செல்லும் என்று விளம்பரங்கள் அதைக் கொண்டாடின. ஆனால் பொறியியல், மருத்துவம், சட்டம், கட்டடக்கலை போன்ற தொழிற்பட்டங்கள் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன. திரும்பி வந்து அரசுப் பணிக்கோ கல்லூரிப் பணிக்கோ போக நினைப்பவர், வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்குவது பற்றி யு.ஜி.சி. 2025 ஏப்ரலில் வெளியிட்ட விதிகளைப் படித்துவிட்டே விமானம் ஏற வேண்டும்.

பிரிட்டனிலேயே வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கும் மாறிவிட்டது. படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தரப்பட்ட 2 ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதன்பின் தொடர வேண்டிய திறன்பணி விசாவுக்குப் பொதுவான ஊதிய வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாகப் பணியில் சேர்வோருக்கு வரம்பு சற்றுக் குறைவு. பழைய மாணவர் சொன்ன அனுபவத்தை வைத்து வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிடக் கூடாது.

ஏஜென்ட் கையில் எல்லாவற்றையும் ஒப்படைப்பதும் ஆபத்து. 2023-இல் கனடாவில் நூற்றுக்கணக்கான இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாப் பிள்ளைகள், நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அவர்களுக்காக ஏஜென்ட் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதங்கள் போலி என்பது, அங்கே படித்து முடித்து நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. ஏஜென்ட் உதவலாம். ஆனால் விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் மாணவருடையதாக இருக்க வேண்டும். கட்டணம் நேரே பல்கலைக்கழகக் கணக்குக்குப் போக வேண்டும். சேர்க்கைக் கடிதம் வந்ததும் பல்கலைக்கழகத்துக்கே எழுதி உண்மைதானா என்று கேட்க வேண்டும். படிப்பு முடித்து வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்குச் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தான் ஆள் எடுக்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயையும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யையும் தாண்டக் கூடாது. தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றையும் நடத்துகிறது.

இனி உரிமைகள். கேட்ட இடத்தில் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று தலையாட்டிவிடுவார்கள் என்பதால் இவற்றை நினைவில் வைப்பது நல்லது.

சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கலாம். பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. 2018 அக்டோபரில் யு.ஜி.சி. இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. இன்னொரு இடம் கிடைத்து, வகுப்பு தொடங்கும் முன்பே விலகினால், தொழில்நுட்பக் கல்லூரி அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அதற்கான கடைசி நாளும் ஆண்டுதோறும் அறிவிக்கப்படும். விலகுவதை வாயால் சொல்லாமல், தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் பின்னால் எந்தத் தேதியையும் நிரூபிக்க முடியாது.

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சுயநிதிக் கல்லூரி என்பதால் அது மறுக்கப்படாது. நடுத்தர வீட்டுக்கு இது பெரிய தொகை. கேட் தேர்வை ‘என்.ஐ.டி.க்குப் போகிறவர்களுக்கு’ என்று ஒதுக்கிவிட்டு இதை இழப்பவர்கள் ஏராளம்.

வங்கிக் கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பதே இந்திய வங்கிகளின் கல்விக்கடன் திட்டம். 2024 நவம்பர் 6 அன்று ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறுபவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதையடுத்த ஓராண்டிலும் வட்டியில் 3 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். கிளையில் ‘மேலாளர் இல்லை, அடுத்த வாரம் வாங்க’ என்று இழுத்தால், விண்ணப்பத்தைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தொலைபேசி எண் 14448.

கல்லூரியோடு தகராறு என்றால் முதலில் நுகர்வோர் மன்றத்துக்கு ஓடுகிறார்கள். பல்கலைக்கழகம் தருவது ‘சேவை’ அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருப்பதால் அங்கே வழக்கு தடுக்கி விழலாம். அதைவிட நேர்வழி யு.ஜி.சி.யின் 2023 குறைதீர்ப்பு விதிகள். ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 30 நாளில் முடிக்க முயல வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குறைதீர்ப்பாளரின் பெயரை இணையதளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஏஜென்டோ தனியார் பயிற்சி மையமோ ஏமாற்றினால் நுகர்வோர் சட்டம் கைகொடுக்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பணம் இணைய மோசடியில் போயிருந்தால் காத்திருக்காமல் 1930. பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் முடக்க அந்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. இரண்டிலும் தீராவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதும் இல்லை. பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்; அதற்கான எண் 15100. நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. போகும்போது பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி, விளம்பரத் துண்டு, கையெழுத்து வாங்கிய கடித நகல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.