பரீட்சை நேரத்தில் ஏறும் சர்க்கரை

பிளஸ் டூ கணக்குப் பரீட்சை அன்று காலை. முந்தின இரவு வழக்கமான இரண்டு தோசை, வழக்கமான ஊசி. ஆனாலும் குளுக்கோமீட்டர் 262 காட்டுகிறது. அடுப்படியிலிருந்து உடனே விசாரணை: “ராத்திரி எங்களுக்குத் தெரியாம என்னடா தின்னே?” டைப் 1 நீரிழிவுள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

பிள்ளை எதுவும் தின்றிருக்க வேண்டியதில்லை. பயம் வந்தால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. கல்லீரல் தன்னிடமுள்ள சேமிப்பைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விடுகிறது. மற்றவர்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். இவர்களுக்கு ஊசியில் போன அளவுதான். அதையும் கார்ட்டிசால் முழுதாக வேலைசெய்ய விடாது. போதாததற்குப் பருவ வயதின் வளர்ச்சி ஹார்மோன் வேறு.

எல்லாருக்கும் ஏறும் என்றும் இல்லை. ஊசி போட்டுக்கொண்டு, பதற்றத்தில் இட்லியை அப்படியே வைத்துவிட்டு ஓடும் பிள்ளைக்கு ‘லோ’ ஆகிவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு: பரீட்சைப் பயத்துக்கும் இதே அறிகுறிகள்தாம். ஊகிக்காமல் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

திட்டு வாங்கும் பிள்ளை அடுத்து என்ன செய்யும்? பரிசோதிப்பதை நிறுத்தும். அல்லது நோட்டில் 140 என்று எழுதிவைக்கும். கடைசி இரண்டு மூன்று மாதக் கதையை ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும் என்பது அதற்கும் தெரியும்; அன்றைய திட்டிலிருந்து தப்பினால் போதும். இதைப் பொய் என்று கண்டிப்பவர்கள், அந்தப் பொய்க்கு வீட்டில் யார் இடம் கொடுத்தது என்றும் யோசிக்கலாம். இப்படி மறைக்கவும் வைக்கும், நோயை நாள்தோறும் சுமக்கும் சலிப்பை அளக்க, வில்லியம் போலன்ஸ்கி குழுவினர் 1995-லேயே ஒரு வினாப்பட்டியல் வெளியிட்டார்கள். நம் கிளினிக்குகளில் எண்ணைக் கேட்கிறார்கள். சலிப்பைக் கேட்பவர்கள் குறைவு.

தேர்வு வாரத்தில் ஊசி அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். சர்க்கரை இறங்காமல் வாந்தியும் சேர்ந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக சிபிஎஸ்இ 2017-இல் அனுமதித்தது. உங்கள் பிள்ளை எந்தப் பாடத்திட்டத்தில் படித்தாலும், மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியரை இப்போதே பாருங்கள். ஹால் டிக்கெட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.